காவல் சாவடியும் இருவாச்சியும்

சோழன் பேர் சொன்ன கடல் – 9

அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு நார்கொண்டம் தீவின் அளவைச் சொல்வது சுலபம். வலசைப் பறவை பார்க்க மார்கழி, தை மாதங்களில் கூட்டம் கூடும் கரைவெட்டி ஏரியின் சரணாலயப் பரப்பு ஏறத்தாழ 454 ஹெக்டேர், அதாவது நாலரைச் சதுர கிலோமீட்டர். வட அந்தமானுக்குக் கிழக்கே சுமார் 130 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் ஒற்றையாக நிற்கும் நார்கொண்டம் ஏழு சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றரைக் கரைவெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் 710 மீட்டர் உயரத்துக்கு ஓர் உறங்கும் எரிமலை. அதன் சரிவு முழுக்கக் காடு. அந்தக் காட்டில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாச்சி.

கரைவெட்டியில் தண்ணீர் வற்றினால் பறவைக்குப் போக்கிடம் உண்டு. வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டிப் போய்விடும். உள்ளூர் நாரையும் கொக்கும் அடுத்த ஏரியைத் தேடிக்கொள்ளும். நார்கொண்டம் இருவாச்சிக்கு அடுத்த ஏரி கிடையாது. அந்தத் தீவில் என்ன நடக்கிறதோ அதுதான் அந்த இனத்தின் முழு வரலாறு.

சென்ற பகுதியில் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்போடு நிறுத்தியிருந்தோம். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிக்கொண்ட ராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, அவன் கொண்ட கடல்கடந்த இடங்களைக் கடாரம்வரை வரிசையாக அடுக்குகிறது. அதில் மாநக்கவாரமும் ஒன்று. அது இன்றைய நிக்கோபார். நார்கொண்டத்தின் பெயர் பட்டியலில் இல்லை. அந்தப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் நடந்த விழாவுக்குப் பிரதமரே வந்துபோனார். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் போர்ட் பிளேர் என்ற பெயரை எடுத்துவிட்டு ஸ்ரீ விஜயபுரம் என்று வைத்ததற்கும் சோழர் கடற்படையைத்தான் காரணம் காட்டினார்கள்.

கல்வெட்டு, விழா, பெயர்மாற்றம் எல்லாவற்றிலும் பேச்சு கடலைப் பற்றித்தான். அந்தமான், நிக்கோபாரின் ஆயிரம் ஆண்டுக் கதையில் மாறாத சங்கதி இது. தீவைக் கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் தீவுக்காக வரவில்லை. சுற்றியிருக்கும் கடலுக்காக வந்தார்கள். கப்பல் வழி, எல்லை, காவல், துறைமுகம் என்று காரணம் மாறிக்கொண்டே இருந்தது. கடலைப் பார்த்து எடுத்த முடிவுகளைக் காட்டில் இருந்த பறவைகள் வாங்கிக் கட்டிக்கொண்டன.

அந்தப் பறவைக்காகவே அங்கே போனவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885இல் காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர் என்று எட்டாம் வகுப்பில் படித்த அதே ஹியூம்தான். அவர் உயிர் அரசியலில் இருந்ததா பறவையில் இருந்ததா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். சிம்லா வீட்டில் அவர் சேர்த்து வைத்திருந்த பறவைத் தோல்களும் முட்டைகளும் எண்பதாயிரத்தைத் தாண்டும். அவற்றைக் காங்கிரஸ் பிறந்த அதே 1885இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குத் தூக்கிக் கொடுத்தார். பறவைகளுக்கென்றே ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்ற இதழையும் நடத்தினார். 1873இல் வங்கக் கடல் தீவுகளுக்குக் கப்பலேறிய அவர், அந்த ஆண்டே நார்கொண்டம் இருவாச்சியைப் புதிய இனமாக அந்த இதழில் எழுதினார். அந்தக் காலத்துப் பறவையியல் துப்பாக்கியில்லாமல் நடக்காது. சுட்டு, தோலுரித்து, அளந்து, பெயர் வைப்பார்கள். நார்கொண்டம் இருவாச்சியும் அப்படித்தான் அறிவியலுக்குள் வந்தது.

ஆனைமலையில், வால்பாறையில் பெரிய இருவாச்சியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சின்னப் பறவை. அலகு முதல் வால் வரை இரண்டடி சொச்சம், எடை முக்கால் கிலோவுக்குள். ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு. பெண் முழுக்கக் கறுப்பு. இரண்டுக்கும் வால் வெள்ளை, தொண்டையில் நீலம் பாரித்த பை.

பிப்ரவரி வாக்கில் பழைய பெருமரம் ஒன்றின் பொந்துக்குள் பெண் புகுந்துகொள்ளும். தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்து, அலகு நுழையுமளவுக்கு ஒரு கீற்றை மட்டும் விட்டுவைக்கும். உள்ளே இருக்கும்போது இறகுகளை உதிர்த்துவிடும். வெளியே வந்தாலும் பறக்க முடியாது. அதன்பின் வாரக்கணக்கில் ஆண்தான் சோறு போட வேண்டும். அத்திப் பழங்களை விழுங்கித் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து, மரத்தைப் பிடித்துத் தொங்கியபடி, ஒவ்வொன்றாக மேலே எடுத்து அந்தக் கீற்றுக்குள் நீட்டும். ஓர் ஆண் பறவையை யாராவது அடித்துவிட்டால் மரத்துக்குள் இருக்கும் தாயும் குஞ்சும் சேர்ந்து பட்டினி.

ஹியூமுக்குப் பிறகு ஏறத்தாழ நூறு ஆண்டு தீவு சும்மா கிடந்தது. குடியேறத் தோதான சமவெளி இல்லை, கப்பல் ஒதுங்கத் துறை இல்லை. அவ்வப்போது யாரோ ஒரு வன அதிகாரி படகில் வந்து பார்த்துவிட்டுப் போவதோடு சரி. பறவைக்கு அது நல்ல காலம்.

1960களின் இறுதியில் நார்கொண்டத்தில் இந்தியா ஒரு காவல் சாவடி போட்டது. பர்மாவும் அந்தத் தீவின் மேல் ஒரு கண் வைத்திருந்த நேரம். 1986இல் இரு நாடுகளும் கடல் எல்லை ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அந்த வழக்கு தீர்ந்தது. அதுவரை தீவில் கொடி பறக்க வேண்டும், கொடிக்குக் கீழே ஆள் இருக்க வேண்டும். சாவடியில் இருந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. சுற்றிலும் கடல், சரக்குக் கப்பல் எப்போது வரும் என்று எதிர்பார்த்துக் கிடக்கும் வேலை. அந்தப் பிழைப்பைக் குறை சொல்ல முடியாது. அடுப்புக்கு விறகு காட்டிலிருந்து வந்தது. தென்னை, வாழை வைக்கக் காட்டின் ஒரு பகுதி வெட்டப்பட்டது. கறிக்காக ஆடுகள் வந்து இறங்கின. வேட்டையும் நடந்தது.

ஆடுகள்தான் நீண்ட காலத் தொல்லை ஆயின. 1970களில் இரண்டு மூன்று ஜோடியாக வந்தவை கட்டுத்தறியில் நிற்காமல் மலையேறிக் காட்டாடுகள் ஆகிவிட்டன. 1990களின் முடிவில் அவை நூற்றுக்கு மேல். ஆடு பெருமரத்தை ஒன்றும் செய்யாது. முளைத்து வரும் கன்றைத்தான் தின்னும். எனவே காடு பார்வைக்குப் பச்சையாகவே இருக்கும். இருக்கிற மரம் சாய்ந்த பிறகு அந்த இடத்துக்கு வர வேண்டிய மரம் இல்லாமல் போகும். இருவாச்சிக்கு வேண்டியது பொந்து விழுமளவுக்கு முதிர்ந்த மரம். அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரிவதற்குள் ஒரு தலைமுறை ஓடிவிடும்.

1977இல் தீவு முழுவதும் வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. ஆடு அரசாணை படிக்குமா? அது பாட்டுக்கு மேய்ந்தது.

தீவுகளில் இந்தக் கதை புதிதல்ல. 1500க்குப் பிறகு உலகில் அழிந்துபோன பறவை இனங்களில் பத்தில் ஒன்பது தீவுப் பறவைகள். கப்பலில் வந்த எலி, பூனை, பன்றி, ஆடு, குரங்கு ஆகியவற்றுக்கு அந்த அழிவில் பெரும் பங்கு உண்டு. நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன மொரீசியஸ் இதற்குப் பேர்போனது; டோடோ செத்த ஊர். அதே ஊர் மறுபக்கத்தையும் காட்டியது. 1974இல் மொரீசியஸ் வல்லூறு காட்டில் மிஞ்சியது நான்கே நான்கு. கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ்காரர் அங்கே போய், கூட்டிலிருந்து முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துத் தனியே பொரிக்க வைத்தார். முட்டையை இழந்த தாய் மறுபடி இடும் என்ற கணக்கு. வளர்த்த குஞ்சுகளைக் காட்டில் விட, இன்று அந்த வல்லூறு நூற்றுக்கணக்கில் பறக்கிறது. இளஞ்சிவப்புப் புறாவை மீட்டபோது வேறு வழி: ஈல் ஓ செக்ரெட் என்ற 26 ஹெக்டேர் திட்டில் எலியையும் பூனையையும் ஒழித்து, அந்நியச் செடியைப் பிடுங்கிவிட்டு, புறாவைக் குடியேற்றினார்கள். திட்டு சிறிதாக இருப்பதில் இப்படி ஒரு வசதியும் இருக்கிறது. முழுக்கத் துப்புரவு செய்து முடிக்க முடியும்.

நார்கொண்டத்தில் முட்டை பொரிக்கவோ குஞ்சு வளர்க்கவோ அவசியமே வரவில்லை. தீவைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும் என்பதுதான் அங்கே போன ஆய்வாளர்கள் எல்லோரும் சொன்னது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் எஸ். ஏ. உசேன் 1972இல் போய்ச் சுமார் 400 பறவைகள் என்று மதிப்பிட்டார். 1998இல் ரவி சங்கரன் போனார். அவர் கணக்கில் முந்நூறைச் சுற்றித்தான் வந்தது. கோவைக்குப் பக்கத்து ஆனைகட்டியில் இருக்கும் சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்தவர் சங்கரன். அந்தமான், நிக்கோபார் பறவைகளுக்காக அலைந்ததில் அவருக்கு நிகராக இன்னொருவரைச் சொல்வது கடினம். அந்த மையத்தின் இயக்குநராக இருந்தபோதே 2009 ஜனவரியில், 45 வயதில் இறந்துபோனார். ஆடுகளை அகற்ற வேண்டும் என்று ஆய்வாளர்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின்னர் அவை தீவிலிருந்து அகற்றப்பட்டன. தினசரிகளில் தலைப்புச் செய்தி ஆகாத வேலை. இந்தக் கதையில் உருப்படியாக நடந்த காரியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

2019 டிசம்பரிலிருந்து 2020 பிப்ரவரி வரை மைசூரின் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ரோஹித் நனிவாடேகர் குழு தீவில் கணக்கெடுத்தது. அவர்கள் மதிப்பீடு ஆயிரத்தைச் சுற்றி வந்தது: ஒரு சதுர கிலோமீட்டருக்கு 151 இருவாச்சி. இருவாச்சிகள் உலகில் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதாகப் பதிவில்லை. 300 ஆயிரமாகிவிட்டது, மூன்று மடங்கு பெருகிவிட்டது என்று குதிக்கத் தோன்றும். கூடாது. மூன்று பேரும் எண்ணிய முறை வேறு வேறு. இவ்வளவு நெருக்கத்துக்குக் காரணம் அத்தி. தீவில் அத்தி வகைகள் மண்டிக் கிடக்கின்றன. பழம் தின்று விதை பரப்பும் பறவைகளோ மிகச் சிலவே. இருவாச்சியும் குயிலுமே முக்கியமானவை. அங்கே இருவாச்சி குறைந்தால் அத்தி விதையைச் சுமக்க மாற்று ஆள் அதிகம் இல்லை.

இனி ராடார் விவகாரம்.

2008 நவம்பரில் மும்பைக்குள் கடல்வழியாக நுழைந்து தாக்கினார்கள் அல்லவா, அதன்பின் கரையோரம் முழுக்கக் கண்காணிப்பு ராடார் வைப்பது என்று அரசு முடிவெடுத்தது. கடலோரக் காவல்படை கேட்ட இடங்களில் நார்கொண்டமும் ஒன்று. மியான்மரின் கோகோ தீவுகள் பக்கம் பார்ப்பதற்கு அது வாகான இடம். அவர்களுடைய கவலையைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கேட்டதும் அதிகமில்லை: 0.67 ஹெக்டேர், ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல்.

ஒன்றரை ஏக்கர் கணக்கில்தான் சிக்கல். ராடார் நிற்க அவ்வளவு போதும். அதற்கு மின்சாரம் வேண்டும், எனவே டீசல் இயந்திரம். டீசலும் தளவாடமும் மலையேற வேண்டும், எனவே காட்டைக் கிழித்து ஒரு பாதை. இயந்திரத்தை ஓட்ட ஆள், ஆளுக்குக் குடியிருப்பு, குடியிருப்புக்கு அடுப்பு. காவல் சாவடியில் எப்படித் தொடங்கி எங்கே போய் முடிந்தது என்பதை முப்பது ஆண்டு பார்த்தாகிவிட்டது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் சார்பில் நேரில் போய்ப் பார்த்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் அன்றைய இயக்குநர் ஆசாத் ரஹ்மானி, அனுமதி தரக்கூடாது என்றே எழுதினார். அப்போது சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன், முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் பேத்தி. 2012 ஆகஸ்டில் அவருடைய அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது. ஒரு பறவைக்காகப் பாதுகாப்புத் துறையின் கோரிக்கையை மறுத்த கோப்புகள் இந்தியாவில் அதிகம் இருக்காது.

மறுப்பு இரண்டு ஆண்டுகூட நிற்கவில்லை. 2014இல் ஆட்சி மாறியது. ஜூன் மாதமே புதிய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் அனுமதி கொடுத்தார். தீவும் அதே தீவு, பறவையும் அதே பறவை, ரஹ்மானியின் அறிக்கையும் அப்படியே கோப்பில் இருந்தது.

ஜெயங்கொண்டம் பக்கத்து வாசகர்களுக்கு இது முற்றிலும் புரியாத சங்கதியாக இருக்காது. பழுப்பு நிலக்கரிக்காக 1990களில் சுற்றுக் கிராமங்களில் நிலம் எடுத்தார்கள். மேலே முந்திரி நின்றதும் கம்பு விளைந்ததும் அந்தக் கோப்பில் பெரிதாக ஏறவில்லை. கீழே என்ன இருக்கிறது என்பதுதான் ஏறியது. சுரங்கமும் வரவில்லை, அனல்மின் நிலையமும் வரவில்லை, வழக்குகள் மட்டும் வருஷக்கணக்கில் நடந்தன.

நார்கொண்டத்திலிருந்து தெற்கே, ராசேந்திரனின் மாநக்கவாரத்துக்கு வருவோம். இங்கே கதாநாயகன் கோழி அளவு பழுப்புப் பறவை, நிக்கோபார் மெகாபோடு. அடைகாக்கத் தெரியாத பறவை; அடைகாக்க அவசியமும் இல்லாத பறவை. கடற்கரையை ஒட்டிய காட்டில் மணலையும் சருகையும் பவளத் துண்டையும் வலுத்த கால்களால் சீய்த்துச் சீய்த்து மேடு கட்டும். அந்த மேட்டுக்குள் குழி பறித்து முட்டையை இட்டு மூடிவிடும். சருகு மக்கும்போது எழும் சூட்டில் முட்டை இரண்டு மாதத்துக்கு மேல் வேகாமல் பொரிகிறது. சூடு கூடினாலும் குறைந்தாலும் மேலே மண்ணைச் சேர்ப்பதும் கலைப்பதும்தான் பெற்றோரின் வேலை. குஞ்சு தானே மேட்டைக் கிளறி வெளியே வருகிறது. வந்ததும் பறக்கும். தாயைத் தேடாது, தாயும் தேடாது. ஒரே மேட்டைப் பல ஜோடிகள் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு.

1990களின் தொடக்கத்தில் ரவி சங்கரன் நிக்கோபார் தீவுகளைச் சுற்றி வந்து எண்ணியபோது, வளர்ந்த பறவைகள் 4,500க்கும் 8,000க்கும் இடையில் இருக்கலாம் என்று மதிப்பிட்டார். அவரோடு சேர்ந்து இந்த மேடுகளை ஆராய்ந்தவர் கே. சிவக்குமார். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. தரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் வந்துவிட்டது. மெகாபோடின் மேடுகளில் பெரும்பாலானவை கரையிலிருந்து சில பத்து மீட்டருக்குள் இருந்தவை. 2006இல் சிவக்குமார் மறுபடி எண்ணினார். கரையோரத்தில் இனப்பெருக்கம் செய்யும் ஜோடிகள் சுமார் 800. பன்னிரண்டு ஆண்டில் ஏறக்குறைய 70 சதவீதம் போய்விட்டது. மெகாபோடு தீவு என்றே பெயர் சூட்டிச் சரணாலயமாக்கிய ஒரு சிறு தீவு இருந்தது. சுனாமிக்குப் பிறகு அங்கே ஒரு மெகாபோடுகூட இல்லை.

அலை செய்ததற்கு யாரையும் கேட்க முடியாது. அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்கலாம். கலத்தியா ஆறு கடலில் சேரும் கலத்தியா விரிகுடா ஒரு வனவிலங்குச் சரணாலயமாக இருந்தது. பெரிய தோணியாமைகள் முட்டையிடக் கரையேறும் இடம் அது. மெகாபோடின் மேடுகளும் அங்கே உண்டு. மலாக்கா நீரிணை வழியாகப் போகும் உலகக் கப்பல்களுக்கு மிக அருகில் இருப்பதும் அதே விரிகுடாதான். சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின்நிலையம் எல்லாம் சேர்ந்து தொடக்கத்தில் 72,000 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்ட திட்டத்துக்காக, 2021 ஜனவரியில் அந்தச் சரணாலயத்தின் அறிவிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. எடுக்கப்படும் காடு சுமார் 130 சதுர கிலோமீட்டர். திட்டப் பகுதியில் பறவைகள் பயன்படுத்தி வந்த 51 மேடுகளில் 30 நிரந்தரமாக அழியும் என்று திட்ட ஆவணங்களே ஒப்புக்கொள்கின்றன.

ஈடாக 2022இல் மூன்று புதிய சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. தோணியாமைக்குச் சிறிய நிக்கோபாரில் ஓரிடம், பவளப்பாறைக்கு மெரோ தீவு, மெகாபோடுக்கு மெஞ்சல் தீவு. மெகாபோடுக்குக் கிடைத்தது 1.29 சதுர கிலோமீட்டர். சிறிய தீவை ஒதுக்கிப் பறவையைக் காப்பது நடக்கக்கூடிய காரியம்தான். மொரீசியஸின் 26 ஹெக்டேர் திட்டு அதற்குச் சாட்சி. ஆனால் அங்கே புறாவைக் கையில் எடுத்துக் கொண்டுபோய் விட்டார்கள், எலியை ஒழித்தார்கள், உணவு வைத்தார்கள். கலத்தியாவின் மெகாபோடுக்கு மெஞ்சலில் இடம் ஒதுக்கியது வரைபடத்தில்தான். இருக்கிற மேட்டை விட்டுக் கடல் தாண்டி அங்கே போய்ப் புது மேடு கட்டிக்கொள்ள வேண்டும் என்ற செய்தியைப் பறவைக்கு யார் சொல்வது என்பது அறிவிக்கையில் இல்லை.

நிக்கோபாரியர்கள் மெகாபோடு முட்டையைக் காலங்காலமாக எடுத்துத் தின்று வந்தவர்கள். அவர்கள் காலத்திலும் பறவை ஆயிரக்கணக்கில் இருந்தது. பெரிய நிக்கோபாரில் 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்களைக் குடியமர்த்தினார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. நார்கொண்டத்தில் சாவடி வந்த காலமும் ஏறத்தாழ அதுவே. இரண்டு தீவிலும் ஆள் இருக்க வேண்டும், கொடி பறக்க வேண்டும் என்பதே நோக்கம்.

இதே தீவுகளின் குகைகளில் எச்சிலால் கூடு கட்டும் உழவாரக் குருவியின் கதை வேறு மாதிரிப் போனது. கூட்டைத் திருடி விற்றவர்களையே கூட்டுக்குக் காவல் வைத்தார் ரவி சங்கரன். அந்தக் குகைகளுக்குள் அடுத்த பகுதியில் நுழைவோம்.

(தொடரும்)